முப்பது மில்லி இறங்கிய கார்

ஆக்சிலியா தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. அதற்குள்ளேயே காரின் கூரை கை வைக்க முடியாதபடி சுட்டது. முன்பக்க இடது கதவைத் திறந்து, சீட்டின் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் டேப்பைத் தொங்கவிட்டாள். அறுபத்து மூன்று சென்டிமீட்டர். நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள். அதேதான். உள்ளே போய், ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த கணவன் பக்கத்தில் குனிந்து, நாற்காலி மெத்தையின் உயரத்தை அளந்தாள். ஐம்பத்து நான்கு.

"என்னாத்துக்கு அளக்கற?" என்று கேட்டான் ஆண்டோ. தலையைத் தூக்கவில்லை.

"சும்மாதாங்க."

வித்தியாசம் ஒன்பது சென்டிமீட்டர். அந்த ஒன்பது சென்டிமீட்டரால்தான் எட்டு மாதமாக ஆண்டோ வீட்டு கேட்டைத் தாண்டவில்லை.

கடத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது அவர்கள் வீடு. ஆழ்துளைக் கிணறுகளில் மோட்டார் இறக்கி ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன் ஆண்டோ. மூன்று வருடத்துக்கு முன்பு, ஏரியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், வண்டியின் கம்பத்து உச்சியில் சங்கிலி மாட்ட ஏறியவன் கால் வழுக்கி முதுகடிபட விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. கைகளுக்கும் தோளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயது. ஆக்சிலியாவுக்கு முப்பத்தொன்று. குழந்தை இல்லை. கடத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே வேலையை விட்டாள். அதுவரை கார் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்க்காதவள், நாலே மாதத்தில் லைசென்ஸ் எடுத்தாள்.

கார் ஆண்டோவுடையது. சாம்பல் நிறம், சின்ன வண்டி, பழையதாக வாங்கியது. வாங்கிய மூன்றாவது மாதம் சேலத்துக்கு ஓட்டிப் போய், அதிலிருந்த பதினான்கு இஞ்ச் இரும்புச் சக்கரங்களைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு, பதினாறு இஞ்ச் அலாய் வீல்களும் பெரிய டயர்களும் போட்டுக்கொண்டு வந்தான். அதில் வண்டி கொஞ்சம் உயர்ந்தது. நாலு பேர் உட்கார்ந்தால் டயர் அதற்கு மேலே உள்ள தகட்டு வளைவில் உரசியது. அதற்காக ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் பஃபர் சொருகினான். அதில் இன்னும் உயர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வரிசையாக நிற்கும் கார்களுக்கு நடுவே அவன் வண்டி மட்டும் தோளை உயர்த்திக்கொண்டு நிற்கும். "நம்ம ஊரு ரோட்டுக்கு இதாஞ்சரி" என்பான். அன்றைக்கு அந்த உயரத்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை.

விபத்துக்குப் பிறகு அவனைக் காரில் ஏற்ற இரண்டு ஆண்கள் வேண்டியிருந்தது. ஒருவர் அவன் அண்ணன் இன்னாசிராஜ். நாலு வீடு தள்ளி இருந்தார். இன்னொருவர், அந்த நேரத்தில் அவருக்கு யார் கிடைக்கிறார்களோ அவர். இன்னாசிராஜ் முகம் சுளிக்காத மனிதர்தான். ஆனால் அவருக்கும் மாடு இருந்தது, மரவள்ளி இருந்தது, டேங்கர் தண்ணீர் வரும் நேரம் இருந்தது. "சித்த இரும்மா, வந்தர்றேன்" என்று போனில் சொல்வார். அந்தச் 'சித்த' சில நாள் பத்து நிமிடம், சில நாள் இரண்டு மணி நேரம். உடுத்தி, தலைவாரி, மூத்திரப் பையை மாற்றி, ஆண்டோ வாசலில் காத்திருப்பான். ஆக்சிலியா கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். போக வேண்டிய இடத்துக்குப் போகும் ஆசை, காத்திருந்தே பாதி செத்துவிடும்.

வீட்டில் ஏற்ற ஒரு வழி செய்து பார்த்தாள். வாசலில் சிமெண்டுக் கல் அடுக்கி மேடை கட்டி, நாற்காலியை அதில் ஏற்றி, அங்கிருந்து சீட்டுக்கு நகர்த்தினார்கள். வீட்டில் அது நடந்தது. ஆனால் போன இடத்தில் மேடை ஏது? இறங்குவது சுலபம், சரிந்து இறங்கிவிடலாம். மறுபடி ஏற முடியாது.

அது தெரிந்த நாள் ஒன்று இருந்தது. தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அண்ணன் வராத நாள் அது, வண்டி நிறுத்துமிடத்தில் ஆக்சிலியா ஆட்டோ டிரைவர் ஒருவரையும் மருந்துக் கடைக்கு வந்த ஒருவரையும் கெஞ்சிக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் எங்கே பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் அக்குளில் பிடித்தார், மற்றவர் முழங்காலில். தூக்கியபோது வேட்டி அவிழ்ந்து விழுந்தது. சுற்றிலும் ஆட்கள். டயாபரும் பையும் எல்லோருக்கும் தெரிய, ஆண்டோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். உடம்பை மூடவில்லை, முகத்தை மூடினான். வீடு வந்ததும், "இனி எங்கயும் வரமாட்டேன்" என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான்.

எட்டு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்தான். கோயிலுக்கில்லை, கல்யாணத்துக்கில்லை. பின்புறத்தில் புண் வந்தது. அது ஆற இரண்டு மாதம் குப்புறப் படுத்தான். அவன் வெளியே போகாததால் அவளும் போகவில்லை. காய் வாங்க, மருந்து வாங்க, அரை மணி நேரம், அவ்வளவுதான். அதற்குள் மூன்று முறை போன் வரும். "எங்க இருக்க?" என்று மட்டும் கேட்பான். எப்போதாவது கார் ஸ்டார்ட் ஆகாமல் போய்விடக்கூடாதே என்று வாரம் ஒருமுறை அதை வாசலிலேயே பத்து நிமிடம் ஓடவிடுவாள். அந்தப் பத்து நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். எதிரே கேட் மூடியிருக்கும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நிர்மலாதான் பலகையைப் பற்றிச் சொன்னது. வழவழவென்று இழைத்த ஒரு பலகை. ஒரு முனையை நாற்காலியிலும் மறுமுனையை சீட்டிலும் வைத்து, கை பலத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்துவிடலாம். தூக்க ஆள் வேண்டாம்.

"இவருக்குக் கை நல்லா இருக்குதுங்க. தாராளமா பண்ணலாம். ஆனா ரெண்டு உயரமும் கிட்டக்கிட்ட இருக்கணும். மூணு நாலு சென்டிமீட்டர் பரவால்ல. அதுக்கு மேல போச்சுன்னா பலகை மேடு ஏறுற மாதிரி ஆயிடும், சறுக்கிடும்."

அதனால்தான் அன்றைக்கு டேப்பை எடுத்தாள்.

சாயங்காலம் ஆண்டோவிடம் சொன்னாள். பழைய அளவு சக்கரத்தைப் போட்டு, பஃபரைக் கழற்றிவிட்டால் ஐந்து சென்டிமீட்டர் இறங்கிவிடும். மிச்சத்தைப் பலகை பார்த்துக்கொள்ளும்.

"சக்கரத்துல கை வைக்காத" என்றான்.

"ஏங்க, இரும்புச் சக்கரம் நாலு. எங்க கேட்டாலும் கிடைக்கும்."

"கை வைக்காதன்னேன்."

"உங்களுக்கு வெளிய போகணுமா வேணாமா?"

ஆண்டோ போனைக் கட்டிலில் வீசினான். "எல்லாருஞ் சேந்து கட்டில மாத்தினீங்க. கக்கூச மாத்தினீங்க. என்ர சட்டையக் கூடப் பட்டனில்லாத சட்டையா மாத்தினீங்க. ஒன்னையும் நான் கேக்கல. அந்தச் சக்கரம் நானாப் போயி, நானாப் பாத்து, நானா வாங்கினது. அதையும் கழட்டணும்னா, கழட்டிக்க. ஆனா அந்த வண்டியில நான் ஏறமாட்டேன்."

ஆக்சிலியா சமையலறைக்குப் போய் நின்றாள். வெறும் சக்கரத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கோபம் வந்தது. இவனுக்காக அளந்து, கணக்குப் போட்டு, கடைசியில் இவனே குறுக்கே நிற்கிறான். அழுகை வரவில்லை. அடுப்பில் பால் பொங்கியது. அணைத்தாள். சக்கரம் அப்படியே இருக்கட்டும், வண்டியை வேறு எப்படி இறக்குவது என்று யோசிக்க ஆரம்பித்தாள். வேறு வழியில்லாதபோது அவள் அப்படித்தான் யோசிப்பாள்.

மறுவாரம் இன்னாசிராஜ் மனைவி ராஜமேரியை ஆண்டோவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, அரூருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் இளவட்ட மெக்கானிக் ஒருவன் சக்கரத்தடியில் எட்டிப் பார்த்தான்.

"இதுக்கு என்னக்கா, ஸ்பிரிங்குல ஒரு சுத்து வெட்டிவிட்டா எறங்கிரும். ஒரு மணி நேர வேலை."

"வெட்டினா ஒன்னும் ஆகாதுங்களா?"

"எல்லாரும் வெட்டறாங்கக்கா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. லேபில் வேலை பார்த்த காலத்தில், 'எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க' என்று சொல்கிறவர்களின் ஊசியை அவள் நம்பியதில்லை. பஸ் ஸ்டாண்டு தாண்டி, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் பார்க்கிற நஞ்சப்பன் கடைக்குப் போனாள். ஐம்பது வயது மனிதர். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எதற்காக இறக்க வேண்டும் என்று முதல் கேள்வியாகக் கேட்டவர் அவர்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது சென்டிமீட்டர், பலகை, சக்கரத்தைத் தொடக்கூடாது என்கிற கணவன். அவர் சிரிக்கவில்லை.

"வெட்டறது வேணாம்மா. வெட்டின ஸ்பிரிங்கு அது உக்கார்ற கிண்ணத்துல சரியா உக்காராது. பள்ளத்துல எறங்கி ஏறும்போது எடம் மாறிக்கும். இவரை வச்சுக்கிட்டு நீங்க தனியா ஓட்டறீங்க. அது ஆகாது." பெஞ்சிலிருந்து எழுந்து, டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவே விரல்களைச் சொருகிப் பார்த்தார். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. "கம்பெனிக்காரன் குட்டையாவே செஞ்ச ஸ்பிரிங்கு வருது. ரெண்டு அளவு. ஒன்னு ஐம்பது மில்லி எறக்கும், ஒன்னு முப்பது. பஃபரைக் கழட்டினா அதுல ஒரு இருபது."

ஆக்சிலியா மனதுக்குள் கூட்டினாள். ஐம்பதும் இருபதும் ஏழு சென்டிமீட்டர். மிச்சம் இரண்டு. ஏறக்குறைய சமம். முப்பது என்றால் மிச்சம் நாலு. நிர்மலா சொன்னதில் கடைசி எல்லை.

"ஐம்பதே போட்டுருங்கண்ணா."

"அவசரப்படாதீங்க. டயரு பெருசும்மா. ஐம்பது எறக்கினா வளைவுக்கும் டயருக்கும் ஒரு விரல்தான் நிக்கும். ஸ்டீயரிங்க ஒடிச்சுத் திருப்பறப்ப உள்ள உரசும். அது ஒன்னு. வண்டி அவ்ளோ எறங்கினா அடியில ஸ்பிரிங்கு வேலை செய்ய எடம் இருக்காது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டொம்மு டொம்முன்னு முட்டும். நமக்கு வலிக்கும், நகந்து உக்காந்துக்குவோம். அவருக்கு வலிக்குமா?"

வலிக்காது. வலிக்காததுதான் அவன் பின்புறத்தில் புண்ணாக வந்தது.

"உங்க ஊருக்குள்ள ஸ்பீடு பிரேக்கர் எத்தனை?"

"அஞ்சுங்க. பள்ளிக்கூடத்துக்கிட்ட இருக்கறது பெருசு."

"அப்பப் பாத்துக்கங்க."

முடிவு செய்ய முடியாமல் வீட்டுக்குப் போன் போட்டாள். வண்டி அவனுடையது, கேட்காமல் செய்தால் அதற்கும் ஒரு வாரம் பேசமாட்டான். ஆண்டோ, "போன அவருகிட்ட குடு" என்றான். அவள் ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அண்ணா, வணக்கங்க. அந்த முப்பது மில்லி ஸ்பிரிங்கு ஒரே சீரா இருக்குங்களா, இல்ல கீழ நெருக்கமா மேல அகலமா இருக்குங்களா?"

நஞ்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நெருக்கமா ஆரம்பிச்சு அகலமா போவுதுங்க. மெதுவாப் போறப்ப மெத்துன்னு இருக்கும், பாரம் ஏறினா கடினமாவும். பஃபரு இல்லாமலே டயரு உரசாது."

"அப்ப பழைய ஷாக்கே தாங்குங்களா?"

"முப்பதுக்குத் தாங்கும். ஐம்பதுன்னா ஷாக்கும் மாத்தணும்."

பேச்சு அப்படியே போயிற்று. பின்பக்க அச்சு, சக்கர நாற்காலியின் எடை, டிக்கியில் அதை வைத்தால் பின்புறம் எவ்வளவு உட்காரும், சக்கரங்களின் அலைன்மெண்ட் எப்போது பார்க்க வேண்டும். ஒரு இடத்தில் ஆண்டோ சிரித்தான். எட்டு மாதமாக அவள் கேட்காத சிரிப்பு. இருபது நிமிடம் பேசிவிட்டு, "முப்பது போதும் ஆக்சி. அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

அவளுக்கு சந்தோஷமாக இருந்தது. கூடவே ஏதோ ஒன்று குறைந்தது போலவும் இருந்தது. இத்தனை நாளாக அவள் தலையில் சுமந்த விஷயம். இரண்டு ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள். அவள் கடை வாசலில் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேலம் வண்டி போயிற்று. திருவண்ணாமலை வண்டி போயிற்று.

ஸ்பிரிங் கோயம்புத்தூரிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. மாட்டி, அலைன்மெண்ட் பார்த்து, நஞ்சப்பனே பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிக்கச் சொல்லி, மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கச் சொல்லி, உரசல் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். வரவில்லை. "ஆர்.டி.ஓ. ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டு, எழுத வேண்டியது இருந்தா எழுதி வாங்கிக்கங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். வரும் வழியெல்லாம் வண்டி கொஞ்சம் கெட்டியாக ஓடியது. பழைய ஊஞ்சல் ஆட்டம் இல்லை. பள்ளிக்கூடத்து ஸ்பீடு பிரேக்கரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினாள். அடிபடவில்லை.

வாசலில் நிறுத்தி அளந்தாள். ஐம்பத்தெட்டு.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பலகையைப் போட்டார்கள். இன்னாசிராஜுக்குச் சொல்லவில்லை. ஆண்டோதான் வேண்டாம் என்றான். நாற்காலியைக் கதவோரம் சாய்வாக நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, பலகையின் ஒரு முனையை அவன் தொடைக்கடியில் தள்ளினாள். ஆண்டோ ஒரு கையைப் பலகையில் ஊன்றி, மறு கையை சீட்டில் ஊன்றி, உடம்பைத் தூக்கி நகர்ந்தான். ஒரு சாண். இன்னொரு சாண். மூன்றாவது முறை நகரும்போது பேண்டின் துணி பலகை விளிம்பில் மாட்டிக்கொண்டது. அதே நேரம் நாற்காலியின் ஒரு பக்க பிரேக் விட்டது. நாற்காலி பின்னால் நகர, ஆண்டோ பாதி பலகையிலும் பாதி அந்தரத்திலுமாக நின்றுவிட்டான்.

ஆக்சிலியா பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒரு முழங்காலால் நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அவள் கையை எடுத்தால் அவன் தரையில்.

"அண்ணனக் கூப்பிடு."

"போன் உள்ள இருக்குது."

"கத்து."

அவள் கத்தவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு மொபெட் போயிற்று. ஓட்டியவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயில் கதவு விளிம்பில் பட்டு அவள் கண்ணில் அடித்தது. அவன் வியர்வை அவள் கழுத்தில் இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஐந்து நிமிடம் என்று அவன் பிறகு சொன்னான். பதினைந்து என்று அவள்.

"விட்டுரு ஆக்சி. விழுந்தா விழறேன். கை ஓஞ்சுபோச்சு."

"விடமாட்டேன்."

"அப்பறம் என்னாதான் பண்ணச் சொல்ற?"

"கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருங்க. யோசிக்கறேன்."

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவனிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான். அவள் ஒரு கையை மட்டும் எடுத்து, மாட்டியிருந்த துணியைப் பிடித்து இழுத்தாள். கிழிந்தது. கிழியட்டும். "மேல கதவுச் சட்டத்தப் பிடிங்க. அங்க இல்ல, மேல. இப்ப மூச்சப் பிடிச்சு ஒரே தம்மு." அவன் பிடித்தான். அவள் முழங்காலோடு நாற்காலியைத் தள்ள, ஆண்டோ உடம்பை எறிந்தது போல சீட்டில் போய் விழுந்தான். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"எங்க போலாம்?" என்று கேட்டாள்.

"எங்கயாவது."

கடத்தூருக்குப் போனார்கள். கடைவீதியில் காரை ஓரம் கட்டி, டீயும் போண்டாவும் வாங்கி வந்து காருக்குள்ளேயே சாப்பிட்டார்கள். ஆண்டோ ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் பார்த்தான். தக்காளிக் கூடை இறக்குவதைப் பார்த்தான். "கடை போர்டெல்லாம் மாத்திட்டாங்க" என்றான். திரும்பும் வழியில், ஸ்பிரிங் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றும், நஞ்சப்பன் கெட்டிக்காரர் என்றும் இரண்டு முறை சொன்னான்.

நாற்காலியின் பிரேக்கைச் சரிசெய்த பிறகு ஏறி இறங்குவது பழகிப்போயிற்று. ஊரில் செய்தி பரவியது. இன்னாசிராஜ் வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். "பரவால்லியே! இனி உனக்கு நான் வேண்டியதில்லம்மா" என்றார். குரலில் கேலி இல்லை. நிம்மதி இருந்தது. அதை அவள் குறை சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் முதுகு வலியோடு தூக்கிய மனிதர். ஆனால் அதற்குப் பிறகு அவர் நாலு வீடு தாண்டி வருவது குறைந்தது. ராஜமேரியும் வருவது குறைந்தது. "அதான் நீங்களே போயிட்டு வந்தர்றீங்களே" என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஆண்டோவுக்கோ அடைபட்டுக் கிடந்த எட்டு மாதத்தையும் சேர்த்து வெளியே போக வேண்டியிருந்தது. வாரத்தில் நாலு நாள், ஐந்து நாள். பழைய கூட்டாளி சிவக்குமார் கடத்தூரில் மோட்டார் காயில் சுற்றும் கடை வைத்திருந்தான். அங்கே வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவான். அவன் முகம் தெளிந்தது, பசியெடுத்துச் சாப்பிட்டான். அவள் காரில் காத்திருப்பாள். ஆண்கள் கூட்டத்தில் போய் உட்கார முடியாது. பை நிரம்பினால், உடம்பு சரிந்தால் உடனே கூப்பிடுவான் என்பதால் தூரமாகவும் போக முடியாது. முன் சீட்டைச் சாய்த்துக்கொண்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்.

முன்பு வீட்டுக்குள் இருந்தபோது, அவன் தூங்கும் நேரமாவது அவளுடையதாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பழைய லேபின் உரிமையாளர் சுசித்ரா. லேப் எதிர்ச் சாரியில் மூன்று கடை தள்ளித்தான் இருந்தது. ஆக்சிலியா அந்தப் பக்கம் பார்க்காமலே இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தாள்.

"தினம் பாக்கறேன், இந்தக் கார் இங்கயே நிக்குது. நீதானா? என்னா பண்ற உள்ள?"

"அவரு பேசிட்டு இருக்காருங்க. வெயிட் பண்றேன்."

"தினமுமா?" சுசித்ரா ஜன்னலில் கையூன்றிக் குனிந்தாள். "காலையில ரத்தம் எடுக்க ஆளில்லாம நான் படற பாடு... ஏழரைலருந்து பதினொன்னு வரைக்கும், வாரத்துல மூணு நாள் வந்தாக்கூடப் போதும். வர்றியா?"

"அவரை வுட்டுட்டு எப்படிங்க வர்றது?"

சுசித்ரா வற்புறுத்தவில்லை. போய்விட்டாள். ஆக்சிலியா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தோன்றியது. யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அது தானாக வாயில் வந்தது. போனை எடுத்து ராஜமேரியிடமும், பிறகு சுசித்ராவிடமும் பேசினாள்.

திரும்பும் வழியில் சொன்னாள். ஆண்டோ முதலில் கேட்காதவன் போல வெளியே பார்த்தான்.

"நாலு மணி நேரம் நான் தனியா கெடக்கணுமா?"

"ராஜமேரி அக்கா ஒம்போது மணிக்கு ஒரு தடவ வந்து பாப்பாங்க. கேட்டுட்டேன்."

"ஓ, கேட்டே ஆச்சா? அப்பறம் எங்கிட்ட என்னா கேக்கற?"

"கேக்கலிங்க. சொல்றேன்."

"நான் இப்பத்தான் வெளிய போக ஆரம்பிச்சேன். அது உனக்குப் பொறுக்கல."

காருக்குள் சண்டை வந்தால் எழுந்து போக அவனாலும் முடியாது, அவளாலும் முடியாது. அவள் வேகத்தைக் குறைத்து, புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள்.

"நீங்க எட்டு மாசம் அந்த ஜன்னலுக்கிட்ட உக்காந்தீங்க. நானும்தான் உக்காந்தேன். உங்களுக்கு வண்டிய எறக்கியாச்சு. நான் இன்னும் எறங்கல. நீங்க சிவக்குமாருகிட்ட ரெண்டு மணி நேரம் பேசறப்ப, நான் இந்த சீட்டுல உக்காந்து என்னா பண்றேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

ஆண்டோ ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினான். "வூட்டுக்குப் போ" என்றான். அவள் ஸ்டார்ட் செய்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஏழே காலுக்கு, அவனுக்குக் காலை வேலைகளை எல்லாம் முடித்து, டிபனையும் தண்ணீரையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லேபில் முதல் ஊசிக்கு நரம்பைத் தேட அவளுக்கு நேரம் பிடித்தது. இரண்டாவதில் சரியாயிற்று. பதினொன்றரைக்கு வீடு வந்தபோது இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது. புதன்கிழமை இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. வெள்ளிக்கிழமை தட்டு காலி. அவன் போனில் நஞ்சப்பனோடு பேசிக்கொண்டிருந்தான். காலுக்குப் பதில் கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் பிடித்து ஓட்டுகிற அமைப்பு இந்த வண்டிக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பொருந்தும் என்று அவர் உடனே சொல்லிவிடவில்லை. கிளட்ச் இருக்கிற வண்டி, பார்க்கணும் என்றார்.

மூன்று நாள் வேலை இன்னும் மூன்று நாளாகவே இருக்கிறது. ராஜமேரி சில நாள் வருகிறாள், சில நாள் மறந்துவிடுகிறாள். அப்படி மறந்த ஒரு திங்கட்கிழமை பை நிரம்பி வழிந்து, ஆண்டோ நனைந்த துணியோடு ஒரு மணி நேரம் இருந்தான். அன்று ஆக்சிலியா வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். ஆண்டோ துவைத்த துணியை மடியில் வைத்து மடித்துக்கொண்டே, "புதன்கெழமை போ" என்றான். புதன்கிழமை போனாள்.